பனிவெளிச் சாரதி லியொன்ஹார்ட் செப்பாலா

பனி மூடிய நிலத்தை நாம் கண்டதில்லை. எங்கள் தீவகத்தில் வெண்மை என்றால் அது மணலும் உப்பும்தான். ஆனாலும் மனிதனை ஏற்றிக்கொண்டு ஒரு விலங்கு இழுத்துச் செல்லும் வண்டி எமக்குப் புதியதல்ல. எங்கள் பாட்டன்மார் மாட்டுவண்டிலில் நெல்லும் விறகும் ஏற்றினார்கள். வடக்கின் சவாரித் திடல்களில் இன்றும் மாடுகள் ஓடுகின்றன. நெடுந்தீவின் குதிரைகள் ஒரு காலத்தில் அந்நியர் ஆட்சிக்காக வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. வண்டியில் ஏறுகிறவர் ஒருவர். அதை இழுப்பது வாயில்லாச் சீவன். இந்த இரண்டின் உயிருக்கும் இடையில் சாரதி என்ற ஒரு மனிதர் நிற்கிறார். அவர் அவசரக்காரராக இருந்தால் இரண்டு உயிரும் கெடும். பொறுப்புள்ளவராக இருந்தால் இரண்டும் வீடு சேரும்.

இந்த உண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் நடந்து காட்டியவர் லியொன்ஹார்ட் செப்பாலா. நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியின் வரலாற்றில் அவரைத் தவிர்த்துப் பேச முடியாது.

பிறப்பும் இளமையும்

1877ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி நோர்வே நாட்டின் வட கோடியில் உள்ள ஷிபொட்ன் என்ற இடத்தில் செப்பாலா பிறந்தார். வளர்ந்தது ஷியெர்வோய் என்ற தீவில். ஆம், அவரும் எம்மைப் போல ஒரு தீவுப் பிள்ளைதான். தந்தை கொல்லர், மீன்பிடியும் செய்தவர். பிள்ளைகளில் மூத்தவரான செப்பாலா, விளையாட வேண்டிய வயதிலேயே தந்தையுடன் குளிர்க்கடலுக்குப் போகத் தொடங்கினார். பட்டறையில் இரும்பு அடிக்கவும் கற்றார். கடலின் குணத்தைப் படிப்பதும், கருவியைத் தன் கையால் செய்வதும் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்த இரண்டு கல்விகள். பள்ளிக்கூடச் சான்றிதழ் எதுவும் அவற்றுக்கு இல்லை.

அவர் உயரமானவர் அல்லர். மெலிந்த, குள்ளமான உடல், ஆனால் களைப்பறியாதது.

பொன் தேடிப் போன ஊர்

1898இல் அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் என்ற இடத்தில் பொன் கிடைத்தது. அதைக் கண்டவர்களில் ஒருவரான யாஃபெட் லின்ட்பேர்க், செப்பாலாவின் நாட்டவர்; நண்பர். அவருடைய அழைப்பை நம்பி 1900ஆம் ஆண்டில் செப்பாலா கடல் கடந்தார். பொன்னால் பணக்காரர் ஆகவேண்டும் என்று போன ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். பொன் அவருக்கு வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தவை நாய்கள்.

நோம் ஊரின் கடல் ஆண்டில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும். கப்பல் வராது, வீதி இல்லை, புகையிரதமும் உள்நாட்டை எட்டுவதில்லை. கடிதம், மாவு, மருந்து, நோயாளி என எல்லாமே நாய்வண்டியில்தான் போகவேண்டும். லின்ட்பேர்க்கின் சுரங்கக் கம்பனியில் செப்பாலா நாய்வண்டிச் சாரதியானார்.

அந்த வண்டி எப்படி இயங்குகிறது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. மரத்தால் செய்த நீண்ட சறுக்குவண்டியின் முன்னே ஒரு நடுக்கயிறு ஓடும். அதன் இரு பக்கமும் சோடி சோடியாக நாய்கள் பூட்டப்படும். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது முன்னோடி நாய். மாட்டுவண்டிலில் உள்ளது போன்ற மூக்கணாங்கயிறோ கடிவாளமோ இங்கே இல்லை. சாரதி வண்டியின் பின்புறம் சறுக்குக் கட்டைகளின் மேல் நின்றபடி குரலால் மட்டுமே திசை சொல்வார். பயணி முன்னே கூடையில் இருப்பார். நிறுத்துவதற்கு, பனியைக் கிழிக்கும் ஒரு தடையும், நிலத்தில் குத்தி நிறுத்தும் ஒரு கொக்கியும் உண்டு. சாரதியின் பிடி நழுவி அவர் விழுந்துவிட்டால் நாய்கள் நிற்காமல் ஓடும். கூடையில் இருக்கும் பயணிக்கு எதுவும் செய்ய இயலாது. ஆகவே எது வந்தாலும் வண்டியைக் கைவிடக் கூடாது என்பதே அந்தத் தொழிலின் முதலாவது விதி.

பொன் தேடி வந்தவர்களில் பலர் நாயைக் கருவியாகவே கண்டனர். சாட்டையால் அடித்து ஓட்டினர், கால் வெடித்தால் பாதையில் விட்டுவிட்டுப் போயினர். செப்பாலா சாட்டையை நம்பியவர் அல்லர். நாயோடு தானும் ஓடினார். மேட்டில் இறங்கித் தள்ளினார். இரவில் நாய்களின் பாதங்களைப் பார்த்துப் பராமரித்த பிறகே தம் ஓய்வைத் தேடினார். அந்த மண்ணின் பழங்குடியினரான இனுபியற் மக்களிடமிருந்தும் பனியைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டார்.

கோடை காலத்தில் பனி உருகியபின், கைவிடப்பட்ட இரும்புப் பாதையில் சிறு தட்டுவண்டி ஒன்றை நாய்கள் இழுக்கும். அதிலும் அவர் ஆட்களை ஏற்றிச் சென்றிருக்கிறார். ஏற்றத்தில் நாய்கள் இழுக்கும்; இறக்கத்தில் வண்டி தானாக ஓட, நாய்களும் ஏறிக்கொண்டு பயணம் செய்யும். இழுத்தவருக்கும் இருக்கை உண்டு என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

தோல்வி கற்பித்த பாடம்

1913இல் லின்ட்பேர்க் சைபீரியாவிலிருந்து நாய்களை வரவழைத்தார். தென்துருவத்தை வென்ற ரோல்ட் அமுண்ட்செனின் வடதுருவப் பயணத்துக்கென எண்ணப்பட்டவை அவை. பயிற்றும் வேலை செப்பாலாவுக்குத் தரப்பட்டது. அமுண்ட்சென் அந்தப் பயணத்தைக் கைவிட்டதால் நாய்கள் செப்பாலாவிடமே தங்கின. உள்ளூர் நாய்களைவிட உருவத்தில் சிறியவையான அவற்றைப் பலர் கேலி செய்தனர்.

1914இல் அந்த இளம் நாய்களோடு செப்பாலா அனைத்து அலாஸ்கா ஓட்டப்போட்டியில் இறங்கினார். நோமிலிருந்து கன்டில் என்ற ஊருக்குப் போய்த் திரும்பும் 408 மைல், அதாவது ஏறத்தாழ 656 கிலோமீற்றர் ஓட்டம் அது. அந்தப் போட்டியில் ஒரு நல்ல விதி இருந்தது. எந்த நாய்களோடு புறப்பட்டாரோ அதே நாய்கள் அனைத்தோடும் சாரதி திரும்பி வரவேண்டும். இழுக்க முடியாத நாயை வண்டியில் ஏற்றிச் சுமந்தாவது கொண்டுவர வேண்டும். வழியில் விட்டுவிட்டு வேகமாக வருபவருக்கு அங்கே வெற்றி இல்லை.

அந்த ஆண்டு பனிப்புயல் வீசியது. செப்பாலா பாதை தவறினார். கண் தெரியாத வெண்மையில் வண்டி கடற்கரைப் பாறை விளிம்பை நோக்கிச் சரிந்தது. முன்னோடி நாயான சுக்கென் அவருடைய குரலுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியதால் எல்லோரும் தப்பினர். ஆனால் கூரிய பனிக்கட்டியில் ஓடிய நாய்களின் பாதங்கள் கிழிந்து இரத்தம் கசிந்தது. குளிரும் அவற்றை வாட்டியது. மேலே ஓடியிருக்கலாம், ஓடவில்லை. போட்டியிலிருந்து விலகினார்.

தம்மை நம்பிய விலங்குகளைப் போதிய பயிற்சி இல்லாமல் ஆபத்துக்குள் இழுத்துச் சென்றேன் என்ற வெட்கம் அவரை நெடுநாள் விடவில்லை. அடுத்த பருவம் வரை ஊரார் கண்ணில் படாமல் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தார். 1915, 1916, 1917 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து முதலிடம் பெற்றார். முன்னே தோற்றதன் காரணத்தை அவர் மறக்கவில்லை. வேகம் நாயின் காலில் இருக்கிறது. நாயின் காலோ சாரதியின் கவனத்தில் இருக்கிறது.

டோகோ

சுக்கென்னின் குட்டிகளில் ஒன்று பிறந்தபோதே நோஞ்சானாக இருந்தது. தொண்டை வீங்கி நோயுற்றது. செப்பாலாவின் மனைவி கொன்ஸ்ரன்ஸ் அதை மடியில் வைத்துப் பராமரித்தார். வண்டிக்கு உதவாது, குறும்பும் அதிகம் என்று எண்ணிய செப்பாலா அதை வீட்டு நாயாக வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அதுவோ சில வாரங்களில் யன்னல் கண்ணாடியை உடைத்துப் பாய்ந்து, பல மைல் ஓடித் திரும்பி வந்துவிட்டது. அதன்பின் அதைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. யப்பானியக் கடற்படைத் தளபதி டோகோவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

எட்டு மாத வயதில் முதன்முதலாக வண்டியில் பூட்டியபோது டோகோ ஒரே நாளில் 75 மைல் ஓடியது. நாள் முடிவதற்குள் முன்னோடி நாயின் பக்கத்தில் இடம்பிடித்தது. முழு வளர்ச்சியிலும் அதன் எடை 22 கிலோவைத் தாண்டவில்லை. ஒருமுறை நோட்டன் குடாவில் பனிப்பாளம் உடைந்து செப்பாலாவும் நாய்களும் கடலில் மிதந்தனர். கரைப் பனியை எட்டுவதற்காக டோகோவின் உடலில் கயிறு கட்டி அதை அக்கரைக்கு வீசினார். டோகோ இழுத்துக்கொண்டிருந்தபோதே கயிறு அறுந்து நீரில் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்த வேளையில், டோகோ நீரில் கிடந்த கயிற்றை வாயால் கவ்வி, உருண்டு தன் உடலில் சுற்றிக்கொண்டு, பாளம் கரையோடு ஒட்டும்வரை இழுத்தது என்று செப்பாலா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

உயிர் காக்க ஓடிய ஓட்டம்

1925 சனவரி மாதம். ஏறத்தாழ 1,400 பேர் வாழ்ந்த நோமில் தொண்டைக்கரப்பான் நோய் பரவியது. இன்று எமக்குக் குழந்தைப் பருவத்திலேயே ஏற்றப்படும் தடுப்பூசியால் தடுக்கப்படும் நோய் அது. அன்று அது பிள்ளைகளின் மூச்சுக்குழாயை அடைத்துக் கொன்றது. ஊரின் ஒரே வைத்தியரான கேர்ட்டிஸ் வெல்ச்சிடம் இருந்த மாற்று மருந்து காலாவதியாகியிருந்தது. சில பிள்ளைகள் இறந்தபின் அவர் தந்தி மூலம் உதவி கேட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன் 1918இல் பரவிய காய்ச்சல் அப்பகுதியின் பழங்குடி மக்களைப் பெருமளவில் அழித்திருந்தது. ஆகவே அச்சம் பெரிதாக இருந்தது.

அங்கரேஜ் நகரில் 300,000 அலகு மருந்து கிடைத்தது. விமானத்தில் அனுப்பலாம் என்று சிலர் வாதிட்டனர். திறந்த இருக்கை கொண்ட அக்கால விமானம் அந்தக் குளிரில் விழுந்தால் விமானியும் போவார், மருந்தும் போகும் என்று ஆளுநர் கணக்கிட்டார். புகையிரதம் நெனானா வரை மருந்தைக் கொண்டுவந்தது. அங்கிருந்து நோமுக்கு 674 மைல், ஏறத்தாழ 1,085 கிலோமீற்றர். எம் இலங்கையின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு. தபால் வண்டிகள் வழமையாக மூன்று வாரத்துக்கு மேல் எடுக்கும் பாதை அது. 20 சாரதிகளும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசெல்வதென முடிவாயிற்று. அந்தச் சாரதிகளில் பெரும்பாலோர் அலாஸ்காவின் பழங்குடியினர். அவர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் அதிகம் வரவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

செப்பாலா 20 நாய்களோடு நோமிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டார். டோகோவுக்கு அப்போது வயது பன்னிரண்டை எட்டிக்கொண்டிருந்தது. நாய்க்கு அது முதுமை. வீட்டில் அவருடைய சிறு மகள் சிக்ரிட் இருந்தாள். ஊரில் பரவும் நோய் நாளை அவளையும் தொடலாம். நெருப்பை வீட்டுக்கு அருகில் விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன தகப்பனின் நிலை அது.

வழியில் நோட்டன் குடா கிடந்தது. கரையோரமாகச் சுற்றிப் போனால் ஆபத்துக் குறைவு. ஆனால் ஒரு நாள் வீணாகும். உறைந்த கடலுக்கு மேலாகக் குறுக்கே போனால் நேரம் மிச்சம். ஆனால் காற்று மாறினால் பனித்தளம் உடைந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும். செப்பாலா குறுக்கே போனார். ஷக்தூலிக் அருகே, இன்னும் நூறு மைலுக்கு மேல் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த அவரை, எதிரே வந்த ஹென்றி இவானொஃப் கூவி நிறுத்தி மருந்தைக் கொடுத்தார். இடையில் திட்டம் மாறியதும் கூடுதல் சாரதிகள் சேர்க்கப்பட்டதும் செப்பாலாவுக்கு அதுவரை தெரியாது.

மருந்தோடு அவர் உடனே திரும்பினார். இருள் விழுந்துகொண்டிருந்தது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 34 பாகை செல்சியஸ். புயல் முகத்தில் அறைந்தது. மீண்டும் அதே கடற்பனி. பனி உடையும் ஓசைகூடக் கேட்காத காற்றில், சாரதியின் கண்ணுக்குத் தெரியாத பாதையை டோகோ மூக்காலும் காலாலும் அறிந்து ஓடியது. அக்கரை சேர்ந்ததும் நாய்களுக்கு உணவும் சில மணி நேர ஓய்வும் கொடுத்தார். பிள்ளைகள் இறந்துகொண்டிருந்த வேளையிலும் அந்த ஓய்வை அவர் வெட்டவில்லை. ஓய்வில்லாத நாய் பாதி வழியில் விழும், மருந்தும் அதோடு விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். மறுநாள் முதியவர் ஒருவரின் அறிவுரைப்படி கரைக்கு நெருக்கமாக ஓட்டினார். அவர் முன்பு வந்த பனித்தளம் அதற்குள் உடைந்து கடலோடு போயிருந்தது.

கொலொவின் என்ற இடத்தில் மருந்தை அடுத்த சாரதியிடம் கொடுத்தபோது செப்பாலா மருந்தோடு மட்டும் 91 மைல் ஓடியிருந்தார். இருபது பேரில் இதுவே மிக நீண்ட தூரம். புறப்பட்டதிலிருந்து கணக்கிட்டால் 261 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம். பெப்ரவரி 2ஆம் திகதி அதிகாலையில் குன்னர் காசன் என்பவர் மருந்தை நோமுக்குள் கொண்டுவந்தார். ஐந்தரை நாட்களுக்குள் எல்லாம் முடிந்தது. பிள்ளைகள் பிழைத்தனர். ஆனால் சில சாரதிகளின் நாய்கள் அந்தக் குளிரில் இறந்தன. மனிதப் பிள்ளைகளுக்காக விலையாகிப்போன அந்த உயிர்களையும் நாம் எண்ணத்தான் வேண்டும்.

புகழும் அதன் விலையும்

கடைசியாக ஊருக்குள் நுழைந்த வண்டியின் முன்னோடி நாய் பால்டோ. அதுவும் செப்பாலாவின் கொட்டிலைச் சேர்ந்ததுதான். பத்திரிகைகள் பால்டோவைக் கொண்டாடின. 1925 டிசெம்பரில் நியூயோர்க் நகரின் சென்ற்ரல் பூங்காவில் அதற்குச் சிலை வைத்தார்கள். நெடுந்தூரம் ஓடிய டோகோவை உலகம் மறந்ததை எண்ணிச் செப்பாலா மனம் வருந்தினார்.

ஆனால் சிலை பெற்ற பால்டோவின் கதி இன்னும் துயரமானது. அதுவும் கூட்டாளி நாய்களும் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகக் காட்சிப்பொருளாயின. முடிவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், காசு கொடுத்துப் பார்க்கும் ஒரு காட்சிச்சாலையில் கட்டிவைக்கப்பட்டு நலிந்து கிடந்தன. ஒரு பக்கம் வெண்கலச் சிலை. மறுபக்கம் அதே நாய் சங்கிலியில். 1927இல் கிளீவ்லாந்து நகரத்து வணிகர் ஒருவர் அதைக் கண்டு பதைத்தார். அந்நகரப் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளரும் சில்லறை சேர்த்துப் பத்தே நாட்களில் 2,000 டொலர் திரட்டி எஞ்சியிருந்த ஏழு நாய்களையும் மீட்டனர். அவை கிளீவ்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் நிம்மதியாக வாழ்ந்தன. பால்டோ 1933இல் இறந்தது. ஒரு காலத்தில் பிள்ளைகளைக் காத்த நாயைப் பிள்ளைகளே காத்தார்கள்.

செப்பாலாவும் 1926இல் டோகோவோடும் ஏனைய நாய்களோடும் அமெரிக்க நகரங்களைச் சுற்றினார். நியூயோர்க்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அமுண்ட்சென் டோகோவுக்குத் தங்கப் பதக்கம் அணிவித்தார். இதில் ஒரு முரண் இருக்கிறது. 1911இல் அமுண்ட்சென் 52 நாய்களோடு தென்துருவம் நோக்கிப் புறப்பட்டார். திரும்பியவை 11 மட்டுமே. வழியில் பல நாய்களைக் கொன்று மற்ற நாய்களுக்கும் மனிதருக்கும் உணவாக்குவது அவருடைய திட்டத்திலேயே இருந்தது. அவரும் பெரும் வீரர்தான். ஆயினும் நாய்களோடு போவது வேறு, நாய்களைச் செலவழித்துப் போவது வேறு. ஒரே மேடையில் நின்ற அந்த இரு நோர்வேக்காரரும் இரண்டு வழிகளின் அடையாளங்கள்.

டோகோவின் முதுமையை எண்ணி, மெய்ன் மாநிலத்தில் இருந்த தம் கூட்டாளி எலிசபெத் றிக்கரின் இல்லத்தில் அதை விட்டுவிட்டு வந்தார் செப்பாலா. அங்கே அது வேலை எதுவுமின்றி வசதியாக வாழ்ந்து 1929 டிசெம்பரில் தன் பதினாறாம் வயதில் கண்மூடியது.

1932இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் நாய்வண்டி ஓட்டம் காட்சிப் போட்டியாக நடந்தபோது, ஐம்பத்து நான்கு வயதில் செப்பாலா இரண்டாமிடம் பெற்றார். அவர் வளர்த்த நாய்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்று சைபீரியன் ஹஸ்கி என்று உலகெங்கும் அறியப்படும் இனத்துக்கு அடித்தளமாயின. வாழ்நாளில் சுமார் 250,000 மைல் நாய்வண்டியில் பயணித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1967 சனவரி 28ஆம் திகதி, எண்பத்தொன்பதாம் வயதில் சியாட்டில் நகரில் காலமானார்.

இன்றைய உல்லாச வண்டிகள்

இன்று அலாஸ்காவுக்கோ நோர்வேக்கோ மருந்து கொண்டுபோக நாய் தேவையில்லை. ஆனால் உல்லாசப் பயணிகள் நாய்வண்டியில் ஏற ஆசைப்படுகிறார்கள். கோடையில்கூட உலங்குவானூர்தியில் பனிமலைக்குக் கொண்டுசென்று ஏற்றுகிறார்கள். சாரதிக்குப் போதிய பயிற்சி இல்லாவிட்டால், வண்டி கவிழ்ந்து பயணிக்கு எலும்பு முறியலாம். கூட்டம் அதிகம் என்று ஓய்வில்லாமல் பூட்டினால் நாய் நலியும். அடர்ந்த உரோமம் கொண்ட நாய்க்குக் குளிரைவிட வெப்பமே பகை. சூடேறிய நாளில் ஓட்டினால் அது மயங்கி விழும். நாயின் நலமும் பயணியின் பாதுகாப்பும் இரண்டல்ல. களைத்த நாய் தடுமாறும். தடுமாறும் நாயின் வண்டி கவிழும்.

2011ஆம் ஆண்டு கனடாவில் ஒரு செய்தி உலகை உலுக்கியது. முந்திய ஆண்டு வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக் முடிந்து பயணிகள் குறைந்தபின், விஸ்லர் பகுதியில் உல்லாச வண்டி இழுத்த நாய்களில் ஏராளமானவை கொல்லப்பட்டிருந்தன. இலாபம் தந்தவரை நாய் வேண்டும், பின்பு வேண்டாம் என்ற கணக்கு அது. மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக அந்த மாகாணம் சறுக்குவண்டி நாய்களைப் பராமரிப்பதற்கெனத் தனி விதிகளை இயற்றியது.

1973 முதல் அலாஸ்காவில் நடக்கும் புகழ்பெற்ற இடிட்டரொட் ஓட்டத்தில் ஒரு விருதுக்குச் செப்பாலாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அது முதலாவதாக வருபவருக்கு உரியதன்று. தம் நாய்களை மிகச் சிறப்பாகப் பராமரித்த சாரதிக்கு மிருக வைத்தியர்கள் வாக்களித்துக் கொடுப்பது. ஒரு மனிதனின் பெயர் எதற்காக நிலைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடைக்குமா?

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

முஸ்லிம் மாணவி நாயைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கலாம். நாயின் எச்சில் தொடர்பான தூய்மைச் சட்டங்களை நாம் அறிவோம், பேணுகிறோம். அந்தச் சட்டம் இரக்கத்துக்குத் தடை போடவில்லை. தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் முகந்து கொடுத்த மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்பதை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவையும் சொன்னார்கள். சவாரி விலங்குகளின் முதுகை மேடையாக்கிக்கொண்டு வீணே உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றும் தடுத்தார்கள். குகைத் தோழர்களின் வரலாற்றில் அவர்களுடைய நாய்க்கும் அல்குர்ஆன் இடம் தந்திருக்கிறது. நாயைத் தீண்டுவதற்கு ஒழுங்கு உண்டு. நாயைத் துன்புறுத்துவதற்கு அனுமதி இல்லை.

நாரந்தனையில் இருந்து பார்க்கும்போது செப்பாலாவின் பனிக்கடல் எனக்கு அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. இங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போனால் காரைநகருக்குக் கடக்கும் பாதை இருக்கிறது. குறிகட்டுவானுக்குப் போனால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறலாம். காற்றுக் கடுமையான நாளில் எத்தனை பேரை ஏற்றுவது, உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் உண்டா, இன்று போகாமல் விடலாமா என்ற முடிவு ஓட்டுபவருடையது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலரை நாம் இழந்தோம். அந்த வீடுகளில் அன்று காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டிகளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. சில நிமிட அவசரத்துக்காகவும் சில ரூபா மிச்சத்துக்காகவும் பயணியின் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. செப்பாலா கடற்பனியைக் கடந்ததும் ஆபத்துத்தானே என்று கேட்கலாம். அவர் கடந்தது ஊரின் பிள்ளைகளைக் காக்க. இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தோடு, தம் உயிரையும் அதே வண்டியில் வைத்துக்கொண்டு கடந்தார். பயணிகளின் காசுக்காகக் கடக்கவில்லை.

அதேபோல விலங்குகளின் பக்கமும் பார்ப்போம். சவாரியில் மாடு வெல்லவேண்டும் என்று அதைக் குத்தி இரத்தம் வரச் செய்வது வீரமா? வறட்சியில் நீரின்றி வாடும் நெடுந்தீவுக் குதிரைகளைப் படமெடுத்துவிட்டுப் படகு ஏறுவது மட்டும் போதுமா? எம் வெப்ப நாட்டில் அழகுக்காக ஹஸ்கி நாயை வாங்கி மூச்சிரைக்கக் கட்டிவைப்பது அன்பா? மிருகவதைத் தடைச் சட்டம் எம் நாட்டில் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. வண்டிலை ஓட்டுகிறவரின் நெஞ்சிலும் இருக்கவேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் படகிலோ வண்டியிலோ ஏற்றும்போது அது எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்பதற்கு முன், ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். தோழியரே, நாளை நாம் வைத்தியராகலாம், ஆசிரியராகலாம், தாயாகலாம். எந்தப் பணியிலும் நம்மை நம்பி ஏறியவர் சிலர் இருப்பர். நமக்காக இழுப்பவர் சிலரும் இருப்பர். இரு சாராரையும் ஒருவரைக்கூட வழியில் விடாமல் கரை சேர்ப்பதே நல்ல சாரத்தியம். நோமின் பழைய ஓட்டப்போட்டி விதித்ததும் அதுதான். செப்பாலா வாழ்ந்து காட்டியதும் அதுதான்.

க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவு மாணவி,
நாரந்தனை